பெருச்சாளி காட்டிய பத்திரமான இடம்

குளக்கரையில் யாரோ போட்டுவிட்டுப் போன தள்ளுவண்டி ஒன்று கிடந்தது. அதன் அடியில் செவலை என்ற நாய் நான்கு குட்டிகளோடு குடியிருந்தது. பட்டணத்துக்கு நடுவே மிச்சமிருந்த குளம் அது. தண்ணீரைவிட ஆகாயத்தாமரைதான் அதிகம்.

செவலைக்கு நல்ல தூக்கம் என்பதே கிடையாது. போன ஈற்றில் போட்ட குட்டிகளை ஒருவன் கோணிப்பையில் அள்ளிக்கொண்டு போனான். பை கொஞ்ச தூரம் கத்திக்கொண்டே போனது. அப்புறம் கத்தவில்லை. அன்றிலிருந்து மனித நிழல் எது விழுந்தாலும் செவலைக்கு ஈரக்குலை நடுங்கும்.

இப்போது சில நாட்களாகக் கரைக்கு ஓர் ஆட்டோ வந்துகொண்டிருந்தது. ஜெசிந்தா என்ற பெண்ணும் தமீம் என்ற இளைஞனும் அதிலிருந்து இறங்குவார்கள். தெருநாய்களைப் பிடித்து வைத்தியம் பார்ப்பதும், குட்டிகளுக்கு வீடு தேடிக் கொடுப்பதும் அவர்கள் தாமாக எடுத்துக்கொண்ட வேலை. கோழித்துண்டு போட்ட சோற்றைச் செய்தித்தாளில் கொட்டிவிட்டுத் தள்ளி நிற்பார்கள்.

"வாடி செல்லம், ஒண்ணும் பண்ணமாட்டோம்," என்பாள் ஜெசிந்தா.

"தங்கச்சி, ஓடு! ஓடிடு!" என்று ஒரு குரல் கரையோர வடிகாலிலிருந்து கீச்சிடும்.

அது அங்கே குடியிருந்த பெருச்சாளியின் குரல். செவலை குட்டிகளைப் புதருக்குள் இழுத்துக்கொண்டு ஓடும். ஆட்டோ போனதும் பெருச்சாளி குடும்பத்தோடு வந்து சோற்றைத் தாளோடு நக்கித் தீர்க்கும்.

"விஷம் இருக்கான்னு நானே தின்னு பார்த்தேன், தங்கச்சி. எல்லாம் உனக்காகத்தான்!" என்று மீசையைத் துடைத்துக்கொள்ளும்.

"இருந்துச்சா அண்ணே?"

"இன்னிக்கு இல்லை. நாளைக்கு வைப்பாங்க!"

செவலை அதையும் நம்பியது. பசி வயிற்றைக் கிள்ளியது. பால் வற்றியது. கடைக்குட்டிக்குக் கண்ணில் பீளை கட்டித் திறக்கவே முடியவில்லை.

அதே கரையில் வெட்டுக்காதன் என்றொரு கறுப்பு நாய் இருந்தது. அதன் இடது காதின் நுனி இல்லை. ஆளும் முரடு, பேச்சும் முரடு. வானம் கறுத்துக்கொண்டு வந்த ஒரு நாளில் அது செவலையிடம் வந்தது.

"ஏய் செவலை, பெருமழை வரப்போகுது. அவங்களோட போயிடு. நானும் போயிட்டு வந்தவன்தான்."

"போனா என்ன பண்ணுவாங்க?"

"கூண்டுல போடுவாங்க. ஊசி குத்துவாங்க. இனிமே குட்டி போடாதபடி வயித்தைக் கீறித் தைப்பாங்க. அதுக்கு அடையாளமா காதுல ஒரு துண்டு வெட்டுவாங்க. வலிக்கும்."

"என் குட்டிங்க?"

"ஒவ்வொண்ணும் ஒவ்வொரு வீட்டுக்குப் போகும்."

"என்கிட்ட இருந்து பிரிச்சிடுவாங்களா?"

"பிரிப்பாங்க. ஆனா உயிரோட பிரிப்பாங்க."

இனிப்பாக ஒரு வார்த்தை பேச வெட்டுக்காதனுக்கு வராது. சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டது.

வடிகாலிலிருந்து பெருச்சாளி தலையை நீட்டியது. "கேட்டியா தங்கச்சி! காதை அறுத்தவனுக்குக் கழுத்தை அறுக்க எவ்வளவு நேரமாகும்? இவன் அவங்க ஆளு! நீ குட்டிங்களைத் தூக்கிட்டு என் வடிகாலுக்கு வா. மேலே கல்லுப் பலகை. உள்ளே காஞ்ச மண்ணு. மனுஷன் தோள் நுழையாது!"

"மழை வந்தா, அண்ணே?"

"என் பிள்ளைங்களும் அங்கதானே தூங்குது? தண்ணி வந்தா நான் சொல்லமாட்டேனா?"

செவலைக்கு நெஞ்சு குளிர்ந்தது. பயப்படுவதுதான் சரி என்று தன்னிடம் சொன்ன ஒரே வாய் அது. குட்டிகளை ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டு போய் வடிகாலுக்குள் வைத்தது.

மறுநாள் காலையில் ஆட்டோ வந்தது.

"குட்டிங்களைக் காணோம் அக்கா!" என்றான் தமீம்.

"எங்கேயோ மாத்திடுச்சு. இருட்டிக்கிட்டு வேற வருதே. நல்லாத் தேடு!"

தலைக்கு மேலே கல்லில் காலடி கேட்டது. ஒரு குட்டி முனகியது. செவலை அதன் வாயைத் தன் வயிற்றோடு அழுத்திப் பிடித்து, மூச்சைக் கூட விடாமல் கிடந்தது. காலடி நகர்ந்து போனது.

"சபாஷ் தங்கச்சி!" என்றது பெருச்சாளி.

நண்பகலில் மழை பிடித்துக்கொண்டது. முதலில் துடித்தது பெருச்சாளியின் மீசைதான். அது தன் பிள்ளைகளை ஒவ்வொன்றாகக் கவ்வி, மேலே இருந்த சின்ன ஓட்டை வழியாக வெளியே கொண்டுபோனது.

"எங்கே போறீங்க அண்ணே?"

"சும்மா! காத்து வாங்க!" என்றது பெருச்சாளி. கடைசிப் பிள்ளை போனபின் அது திரும்பி வரவில்லை.

பிறகு தண்ணீர் வந்தது. குப்பையும் ஆகாயத்தாமரையுமாக, வடிகால் முழுக்க அடைத்துக்கொண்டு வந்தது. செவலை வாய்க்கு எட்டியதைக் கவ்வியது. அது கண் திறக்காத கடைக்குட்டி. முட்டி மோதி வெளியே நீந்தி, அதைத் தள்ளுவண்டியின் அடியில் போட்டுவிட்டுத் திரும்பி ஓடியது. அதற்குள் வடிகாலின் வாய் தண்ணீருக்குள் மூழ்கிவிட்டது. செவலை கல்லைப் பிறாண்டியது. நகம் பிய்ந்து ரத்தம் வந்தது. கல் நகருமா?

அதன் அலறலைக் கேட்டு வெட்டுக்காதன் ஓடி வந்தது. பார்த்ததும் நேரே சாலைக்கு ஓடி, டீக்கடை ஓரம் மழைக்கு ஒதுங்கியிருந்த ஆட்டோவின் முன்னால் நின்று குரைத்தது. தமீமின் பேண்டைக் கவ்வி இழுத்தது. தமீமும் ஜெசிந்தாவும் நனைந்துகொண்டே ஓடி வந்தார்கள்.

கம்பியால் நெம்பிக் கல்லைப் புரட்டினார்கள். தமீம் குப்புறப் படுத்துத் தோள் வரை கையை விட்டான். ஒன்று. இன்னொன்று. இன்னொன்று. ஜெசிந்தா துப்பட்டாவை விரித்து வாங்கிக்கொண்டாள்.

"நெஞ்சைத் தேய்ங்க அக்கா! விடாம தேய்ங்க!"

அவள் தேய்த்தாள். தலைகீழாகப் பிடித்து உதறினாள். எதுவும் அசையவில்லை.

"காலையில இதே கல்லு மேலதான் நின்னேன், தமீம்," என்றாள்.

செவலை மூன்றையும் முகர்ந்தது. ஒவ்வொன்றையும் நக்கியது. பிறகு தள்ளுவண்டிக்குப் போய், உயிரோடிருந்த ஒன்றைக் கவ்விக்கொண்டு வந்து அவள் மடியில் வைத்தது. வைத்துவிட்டு ஓடவில்லை. யாரும் இழுக்காமலே ஆட்டோவிலிருந்த கூண்டுக்குள் ஏறி உட்கார்ந்தது.

மழைக்காலம் முடிந்தபின் செவலையைக் குளக்கரையில் கொண்டுவந்து விட்டார்கள். வயிற்றில் ஒரு தழும்பு. இடது காதில் ஒரு துண்டு இல்லை. கடைக்குட்டிக்குக் கண் திறந்துவிட்டது; அது ஏதோ ஒரு வீட்டுக்குப் போய்விட்டது. எந்த வீடு என்று செவலைக்குத் தெரியாது.

வடிகாலிலிருந்து பெருச்சாளி எட்டிப் பார்த்தது. "வந்துட்டியா தங்கச்சி! எனக்குக்கூட ரொம்ப வருத்தம்தான். என்ன செய்றது, அவசரத்துல மறந்துட்டேன்!"

செவலை தள்ளுவண்டியின் அடியில் போய்ப் படுத்துக்கொண்டது.

அந்தப் பக்கம் வயிறு தள்ளிய ஒரு வெள்ளை நாய் புதிதாக வந்து ஒதுங்கியது. ஆட்டோ சத்தம் கேட்டதும் அது வெடவெடவென்று நடுங்கியது.

"தங்கச்சி, ஓடு!" என்று பெருச்சாளி கீச்சிட்டது. "இங்கே வா! பத்திரமான இடம் இருக்கு!"

செவலை எழுந்து போய் வடிகாலின் வாயை மறித்துப் படுத்துக்கொண்டது.

வெள்ளை நாய் அதன் காதைப் பார்த்துப் பின்வாங்கியது. "ஐயோ, வலிச்சுதா அக்கா?"

"வலிச்சுது," என்றது செவலை. "அது ஆறிடுச்சு. இந்தக் கல்லுக்குக் கீழே நடந்ததுதான் ஆறலை."

நம் பயத்துக்குத் தாளம் போடுகிறவன் வெள்ளம் வந்ததும் முதலில் ஓடிவிடுவான். வலிக்கும் என்று முன்னமே சொல்லி அழைக்கிறவனே கடைசிவரை துணை நிற்பான்.