பெலீசியா மகளைக் கேட்ட கேள்வி

காலைத் தூக்கி என் மேல போடாதடி, கனக்குது. இப்படி ஒருக்களிச்சுப் படு. நடுநடுவுல ‘ம்’ கொட்டணும், கொட்டலேன்னா நிறுத்திடுவேன். இந்த அத்தையைப் பத்தித் தெரியுமில்ல?

ஒரு ஊர்ல ஒரு அம்மா. நம்ம பக்கத்து ஊர் இல்ல, கடலெல்லாம் தாண்டி பிரேசில்னு ஒரு நாடு. அவ பேரு பெலீசியா. ஒரு காப்பித் தோட்டத்துல அடிமை. அடிமைன்னா என்னவா? உன் பென்சில் டப்பா உனக்குச் சொந்தம்ல, அந்த மாதிரி ஒரு மனுஷி இன்னொருத்தனுக்குச் சொந்தம். வேணும்னா வெச்சுக்குவான், வேணாம்னா வித்துடுவான். அப்படித்தான் அவ மக ரீத்தாவை வித்துட்டானுங்க, நாசமாப் போறவனுங்க. அப்போ ரீத்தாவுக்கு ஏழு வயசு. தாயையும் பிள்ளையையும் பிரிச்சு விக்கக்கூடாதுன்னு சட்டமே இருந்துச்சு. எவன் மதிச்சான்? பிள்ளையை வண்டியில தூக்கிப் போட்டானுங்க. வண்டி கடகடகடன்னு போயிடுச்சு. பெலீசியா பின்னாடியே ஓடினா. அவளைப் பிடிச்சு இழுத்துட்டு வந்துட்டானுங்க.

ம்.

அப்புறம் பதிமூணு வருஷம் ஆச்சு. காப்பி மூட்டை ஏத்த வந்த கழுதைக்காரர் ஒருத்தர்தான் அவகிட்ட சொன்னாரு. “ஆத்தைத் தாண்டி மூணு நாள் நடந்தா மலையடியில ஒரு தோட்டம் வரும். உன் பொண்ணு அங்க துணி துவைக்கிறா.” அன்னியிலேருந்து பெலீசியாவுக்கு அந்தப் பக்கமேதான் கண்ணு.

அப்போ ஒரு நாள் கோயில் மணி டணார் டணார்னு அடிக்குது. இந்த நாட்டுல இனிமே அடிமைன்னு யாரும் கிடையாதுன்னு சட்டம் போட்டுட்டாங்களாம். ரெண்டே வரிச் சட்டம். முன்னூறு வருஷத்துக்கு மேல பண்ணின கொடுமைக்கு அவ்ளோதான் எழுத மனசு வந்துச்சு. ஆனாலும் ஜனங்க டமடமன்னு கொட்டடிச்சு ஆடினாங்க, அழுதாங்க. பெலீசியா ஆடலை. ரீத்தாவைக் கூட்டிட்டு வரணும், அவளுக்கு அது ஒண்ணுதான். மாத்துப் பாவாடையை மூட்டை கட்டினா.

கட்டிட்டு என்ன பண்ணினா தெரியுமா? நேரா முதலாளி வீட்டு வாசப்படிக்குப் போயி, “ஐயா, வெளிய போக ஒரு சீட்டு எழுதிக் குடுங்க”ன்னு கேட்டா! அதுவரைக்கும் அடிமைங்க வெளிய போகணும்னா சீட்டு வேணும். பழக்கம் விடுமா? அந்த ஆளு பார்த்தான். “அதுக்கென்ன, காப்பிப் பழம் பறிச்சு முடிக்கட்டும், எழுதித் தரேன்”னான். இவளும் “சரிங்கய்யா”ன்னு கூடையை எடுத்துட்டுப் போய் அரைக்கூடை பறிச்சுட்டா! அப்புறம்தான் உறைச்சுது. “அடிப்பாவி, நான் எதுக்கு இவனைக் கேட்டேன்?” கூடையை தொப்புனு போட்டா. திரும்பியே பார்க்காம நடந்தா.

ம்.

நடந்தா, நடந்தா, ஆத்துப் பாலம் வந்துச்சு. காவக்காரன் வழியை மறிச்சான். “சீட்டு எங்க?”

“இப்போ யாருக்கும் சீட்டு வேணாம். எல்லாருக்கும் விடுதலை.”

அவன் அவ காலைப் பார்த்தான். வெறுங்காலு. அந்த ஊர்ல அடிமைங்க செருப்பு போடக்கூடாது. “வெறுங்காலோட வந்துட்டு விடுதலையாம். போடி திரும்பி”ன்னு விரட்டிட்டான். இதைச் சொல்றப்போ எனக்கு வயிறு எரியுதுடி. உன் தாத்தாவும் செருப்பைக் கழட்டிக் கையில பிடிச்சுக்கிட்டுதான் மேலத் தெருவைத் தாண்டுவாரு. நான் கூடவே போயிருக்கேன். சரி, விடு.

பாலத்துக்கு இந்தப் பக்கம் தோமேன்னு ஒரு செருப்பு தைக்கிற கிழவர். அவரும் அடிமையா இருந்தவருதான். எல்லாத்தையும் பார்த்துட்டே இருந்தாரு. “வாம்மா”ன்னு கூப்பிட்டு ஒரு ஜோடி பூட்ஸ் குடுத்தாரு. காலு நுழையவே இல்ல. நாப்பது வருஷம் மண்ணுல நடந்த காலாச்சே, விரலெல்லாம் விரிஞ்சு கிடக்கு. தோமே கத்தியை எடுத்து பூட்ஸோட முன்பக்கத்தை சரக்குனு கிழிச்சுவிட்டாரு. அஞ்சு விரலும் வெளிய எட்டிப் பார்க்குது. சிரிக்காத. அதைப் போட்டுக்கிட்டு டொக்கு டொக்குனு பாலத்துக்குத் திரும்பிப் போனா. காவக்காரன் கீழ பார்த்தான், மேல பார்த்தான், ஒதுங்கி வழி விட்டான்.

தூங்கிட்டியா?

ம்ஹும்.

மூணாம் நாள் மத்தியானம் மலையடித் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தா. கேட்டுல கங்காணி நிக்கிறான். உள்ள பார்த்தா எல்லாரும் பழம் பறிச்சுட்டு இருக்காங்க. சட்டம் வந்த சேதியையே அவங்ககிட்ட சொல்லலை! “சட்டம் கிட்டம்னு கத்தினே, தோலை உரிச்சுடுவேன்”னான் கங்காணி. ஆனா பெலீசியா கத்தினா. “சட்டம் வந்துடுச்சு! நீங்க யாரும் அடிமை இல்ல!” பறிக்கிற சத்தம் நின்னுச்சு. அவன் சவுக்கை எடுத்தான். மறுபடியும் கத்தினா. சவுக்கு சுளீர்னு தோள்ல விழுந்துச்சு. மூணாவது தடவையும் கத்தினா. அப்போ உள்ள ஒரு கூடை தொப்புனு விழுந்துச்சு, இன்னொண்ணு, அப்புறம் தொப்பு தொப்பு தொப்புனு நூறு கூடை. அத்தனை பேரும் கேட்டைப் பார்த்து வந்தாங்க. கங்காணி ஒருத்தன் என்ன பண்ணுவான்? ஓடிட்டான்.

கடைசியா துவைக்கிற கல்லுகிட்டேருந்து ஒரு பொண்ணு வந்தா. நல்ல உசரம், கையெல்லாம் ஈரம். பெலீசியாவுக்குப் பார்த்த உடனே தெரிஞ்சுபோச்சு.

“ரீத்தா!”

“யாரு நீங்க?”

“உன்னைப் பெத்தவ.”

பொண்ணு அவ முகத்தையே பார்த்தா. “எனக்கு முகம் ஞாபகம் இல்லையே”ன்னா.

பெலீசியா, அவ கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போயிடலாம்னு கையை நீட்டிட்டா. நீட்டினவ அப்படியே நிறுத்திட்டா. ‘இவளை எல்லாரும் இழுத்துட்டுத்தானே போனாங்க, நானும் இழுக்கணுமா?’ கையைப் பின்னால கட்டிக்கிட்டு கேட்டா, “என்கூட வர உனக்கு இஷ்டமா?”

ரீத்தாவை யாரும் அப்படிக் கேட்டதே இல்ல. “வேணாம்னு சொல்லலாமா?”

“சொல்லலாம்.”

“சொன்னா அடிப்பீங்களா?”

“அழுவேன். அடிக்க மாட்டேன்.”

ரீத்தா போய் ஒரு கல்லு மேல உட்கார்ந்துட்டா. யோசிக்கிறா, யோசிக்கிறா, வெயில் சாஞ்சே போச்சு. பெலீசியா அவசரப்படுத்தலை, நின்ன இடத்துலயே நின்னா. அப்புறம் ரீத்தா எழுந்திரிச்சா.

“கொடியில என் பாவாடை காயுது. எடுத்துட்டு வந்துடறேன், போயிடாதீங்கம்மா”ன்னா.

அவங்க ஊர் போய்ச் சேர்ந்துட்டாங்க, நீயும் கண்ணை மூடு. ஆமாடி, அத்தை அழறேன்தான். தூங்கு.