கோமதிநாயகம் கட்டிய இருட்டறை

பாளையங்கோட்டையில் கோமதிநாயகம் என்று ஒரு பொறியாளர் இருந்தார். மின்வாரியத்தில் வேலை. ஊருக்கெல்லாம் வெளிச்சம் கொடுத்து ஓய்வு பெற்ற மனுஷன், அறுபதைத் தாண்டியபின் இருட்டைத் தேடி அலைந்தார் என்றால் நம்புவீர்களா? அலைந்தார்.

அதற்கு முன்னால் ஒரு வருஷம் அவர் அசையவே இல்லை. நெஞ்சு வலி வந்து, ஆஸ்பத்திரியில் ஸ்டென்ட் வைத்து, "நல்லா இருக்கீங்க, இனி தைரியமா நடங்க" என்று டாக்டர் அனுப்பிவைத்தார். வீட்டுக்கு வந்தவர் ஹாலில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் உட்கார்ந்தவர்தான். மணிக்கட்டைப் பார்ப்பார், பெருமூச்சு விடுவார், மறுபடி பார்ப்பார். மனைவி பகவதி பேசிப் பார்த்தாள், ஏசிப் பார்த்தாள், பிறகு பேச்சையே குறைத்துக்கொண்டாள்.

ஃபிலிம் கேமராதான் அவரை எழுப்பியது. ஜெசிந்தா என்ற பெண் தன் வீட்டுப் பின்னறையில் ஃபிலிமில் படமெடுக்கவும் கழுவவும் கற்றுத் தருகிறாள் என்று கேள்விப்பட்டு, சும்மா எட்டிப் பார்க்கப் போனவர் சீடராகத் திரும்பி வந்தார். அவள் அவருடைய மகளைவிடச் சின்னவள். அதற்காக மரியாதையைக் குறைக்க முடியுமா? "குருவே" என்று கூப்பிட்டார். முதலில் கேலியாகத்தான். பிறகு அதுவே வாயில் ஒட்டிக்கொண்டது.

அப்புறம் பார்க்க வேண்டுமே! கேமரா வந்தது. ஃபிலிமைக் கழுவும் டப்பா வந்தது. மருந்துகள், தட்டுகள், வெப்பமானி, சிவப்பு பல்பு என்று வந்துகொண்டே இருந்தன. கடைசியில், படத்தைப் பெரிதாக்கும் பழைய என்லார்ஜர் ஒன்று சென்னையிலிருந்து மாப்பிள்ளை மாதிரி காரில் வந்து இறங்கியது. ஸ்டோர் ரூமில் கிடந்த அரிசி மூட்டைக்கும் ஓட்டை அண்டாவுக்கும் வேறு இடம் பார்க்க வேண்டியதாயிற்று. ஜன்னலுக்குக் கறுப்புத் தாள் ஒட்டி, பட்டப்பகலிலும் கை தெரியாத இருட்டாக்கினார்.

"அந்தக் கூரியர்க்காரருக்கு நம்ம வீட்டுல ஒரு பாயைப் போட்டுரலாம்," என்றாள் பகவதி. "போயிட்டுப் போயிட்டு வாறாரு, பாவம்."

சொல்லும்போது அவள் முகத்தில் கோபம் இல்லை.

வாங்கியதெல்லாம் சரி. படம்தான் வரவில்லை.

முதல் ரோலைக் கழுவி எடுத்தபோது, நெகட்டிவ் முழுக்க அடுப்புக்கரி பூசியது போல இருந்தது. எங்கோ வெளிச்சம் பட்டிருக்கிறது. டப்பாதான் கோளாறு என்று வேறு டப்பா வாங்கினார். அதிலும் கரி. கதவிடுக்குக்கு ரப்பர் பட்டை வாங்கினார். கரி. மருந்து பழசு என்று புது மருந்து வாங்கினார். புது மருந்தில் கரி இன்னும் பளிச்சென்று வந்தது.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்," என்றாள் பகவதி.

இன்னும் கழுவாத அடுத்த ரோலில் அந்தப் பகவதியே இருந்தாள். குறுக்குத்துறைப் படியில் கால் வழுக்கி, கட்டின சேலையோடு ஆற்றுக்குள் உட்கார்ந்து, எழுந்திருக்கத் தோன்றாமல் சிரித்தாள். ஆஸ்பத்திரிக்குப் பிறகு அவள் அப்படிச் சிரித்து அவர் பார்த்ததில்லை. கை தானாகக் கேமராவைத் தூக்கியது. அந்தச் சிரிப்பு இப்போது ஒரு சின்னத் தகர டப்பிக்குள் சுருண்டு கிடந்தது.

"இதுவும் கரியாப் போச்சுன்னா எல்லாத்தையும் வித்துருவேன்," என்று சொல்லியும் விட்டார்.

ஒரு மத்தியானம் ஜெசிந்தாவை வீட்டுக்கு வரச்சொன்னார். வாசலில் பகவதி அவளிடம் குரலைத் தணித்துப் பேசியது உள்ளே அவர் காதில் விழுந்தது.

"ஏம்மா, இந்த ஒண்ணாவது வந்துரணும். இல்லேன்னா மறுபடியும் அந்த நாற்காலிதான். நான் திரும்பவும் அதைப் பாத்துக்கிட்டு இருக்க முடியாதும்மா."

கேட்காதது போல அவர் மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

ஜெசிந்தா ஸ்டோர் ரூமைச் சுற்றிப் பார்த்தாள். "ஒரு ஸ்டூடியோவையே தூக்கிட்டு வந்துட்டீங்களே, சார்."

"கிண்டல் இருக்கட்டும், குருவே. டப்பா மாத்தியாச்சு, மருந்து மாத்தியாச்சு, கதவும் மாத்துன மாதிரிதான். இனி என்ன வாங்கணும், சொல்லுங்க."

"உங்க வீணாப்போன ஃபிலிம் ஒண்ணை எடுங்க. கதவைச் சாத்துங்க. நானும் உள்ள நிக்கேன். எப்பவும் போலச் சுத்துங்க."

"சிவப்பு பல்பு?"

"ஃபிலிமுக்கு அதுவும் ஆகாது. மறந்துட்டீங்களா?"

கதவைச் சாத்தினார். இருட்டு. ஃபிலிமின் முனையைத் தடவிப் பிடித்து, டப்பாவுக்குள் போகும் சக்கரத்தில் செருகி, மெல்லச் சுற்ற ஆரம்பித்தார். ஜெசிந்தா அங்கே இருக்கிறாளா என்றே அவருக்குச் சந்தேகம் வந்தது.

"சார்."

"சொல்லுங்க, குருவே."

"உங்க மூக்கோரத்துல ஒரு மச்சம் இருக்கே. இத்தனை நாள் நான் கவனிச்சதே இல்ல. இப்பத்தான் பாக்கேன்."

"அது பிறந்ததுல இருந்தே..." என்று தொடங்கியவர் நிறுத்தினார்.

குனிந்து பார்த்தார். இடது மணிக்கட்டில், வாருக்கு அடியில் பச்சையாக மினுக்கிக்கொண்டிருந்தது. கையைத் தூக்கும்போதெல்லாம் மேல்முகமும் ஒரு ஜன்னல் மாதிரி திறந்து எரிந்தது. நாடித்துடிப்பைக் காட்டும் வாட்ச். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த வாரம் மகள் காந்திமதி மெல்போர்னிலிருந்து அனுப்பியது. குளிக்கும்போதும் தூங்கும்போதும் கூடவே இருந்து, அது கையின் நகம் போல ஆகிவிட்டது. நகத்தை யார் சந்தேகப்படுவார்கள்?

வாரின் கொக்கிவரை போன விரலை இழுத்துக்கொண்டார்.

"இதைக் கழட்ட முடியாது, குருவே."

"ஏன்?"

"காந்திமதி போனைப் போட்டு அலறுவா. என் நாடி அவ போன்ல ஓடிக்கிட்டே இருக்கும்."

"அவங்களுக்கு ஒரு நாடி வேணும். அவ்வளவுதானே? என் கையில கட்டுங்க."

சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. "அது மட்டும் இல்ல."

கையிலிருந்த ஃபிலிமை மேஜையில் வைத்தார்.

"கதவைச் சாத்துனதும் ஒரு பயம் வந்துருது. இங்க வச்சு நெஞ்சு நின்னுபோச்சுன்னா யாருக்குத் தெரியும்? அந்த நம்பரை ஒருதரம் பாத்தா, சரி, இன்னும் ஓடுதுன்னு இருக்கும். அப்புறம் இன்னொருதரம் பாக்கணும் போல இருக்கும்."

ஒன்றும் ஆகாது என்று அவள் சொல்லவில்லை. சாமி இருக்கிறது என்றும் சொல்லவில்லை.

"நான் கதவுக்கு வெளிய நிக்கேன். கூப்பிடுங்க, திறந்துருவேன்."

"திறந்தா ஃபிலிம் போயிருமே. பகவதி ரோலுல்லா அது!"

"போகட்டும்."

அந்த ஒற்றைச் சொல்லை அவர் இருட்டில் கொஞ்சநேரம் வைத்துப் பார்த்தார். பிறகு வாட்சைக் கழற்றி அவள் குரல் வந்த பக்கம் நீட்டினார்.

அவள் அதைத் தன் கையில் கட்டிக்கொண்டு வெளியே போய்க் கதவைச் சாத்தினாள். இப்போது அவர் தனியே. தகர டப்பியின் மூடியை ஓப்பனரால் நெம்பினார். பகவதியின் ரோல் விரலுக்குள் நழுவி வந்தது. இடது கை பழக்கத்தில் மேலே போயிற்று. பார்க்க ஒன்றும் இல்லை. கீழே வந்தது. நெஞ்சு உரலில் போட்டு இடிப்பது போல இடித்தது. முனையைச் செருகினார், வழுக்கியது. மறுபடி செருகினார். கூப்பிட்டுவிடலாமா? கூப்பிட்டால் அவள் கட்டாயம் திறப்பாள். அது தெரிந்திருந்ததால் இன்னும் ஒரு சுற்று சுற்றிவிட்டுக் கூப்பிடலாம் என்று நினைத்தார்.

வெளியே போன் மணி அடித்தது. பகவதியின் குரல்.

"என்னடி? அப்பா நாடியா? இவ்வளவு நல்லா எப்பவுமே இருந்ததில்லையா? அடியே, அது உங்கப்பா நாடி இல்ல. ஒரு குமரிப்பிள்ளை கதவோரமா நின்னு என் முறுக்கைத் தின்னுக்கிட்டு இருக்கா, அவ நாடி... அப்பாவா? உள்ள இருட்டுல இருக்காரு. ஆமா, தனியாத்தான். ஏன் கத்துதே? நானும் கதவுகிட்டத்தான் நிக்கேன்."

இருட்டுக்குள் கோமதிநாயகம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சிரித்தபடியே இன்னும் ஒரு சுற்று. இன்னும் ஒன்று. கடைசி முனை விரலிலிருந்து விடுபட்டுச் சக்கரத்துக்குள் போனது. டப்பாவைத் தடவி மூடினார். மூடி இறுகிய சத்தத்துக்குப் பிறகுதான் கதவைத் திறந்தார்.

மருந்து ஊற்றி, கழுவி, கொடியில் தொங்கவிட்டபோது வெயில் தாழ்ந்திருந்தது. ஃபிலிமின் ஓரங்கள் கண்ணாடி போலத் தெளிவாக இருந்தன. நடுவே ஆறு, படி, பகவதி.

பகவதி கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தாள். "இது என்ன கூத்து? பல்லெல்லாம் கறுப்பு, தலையெல்லாம் வெள்ளை. பேய் சிரிக்க மாதிரியில்லா இருக்கு!"

"இது நெகட்டிவ். தாளில போட்டா நேராயிரும்."

"எப்பப் போடுவீங்க?"

"நாளைக்கு."

பகவதி விறுவிறுவென்று அடுப்படிக்குப் போனாள். அங்கிருந்து மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பிறகு காப்பி மணம் வந்தது.

வாசலில் ஜெசிந்தா செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள். கோமதிநாயகம் அருகில் வந்து, யாருக்கும் கேட்காத குரலில் சொன்னார்.

"குருவே, உங்ககிட்ட மறைக்கக் கூடாது. உள்ள பயம் போகவே இல்ல. சுத்தி முடிக்கிற வரைக்கும் என் தோளுமேலதான் உக்காந்திருந்துச்சு. அப்புறம் எப்படி ஃபிலிம் இவ்வளவு சுத்தமா வந்துச்சு?"

ஜெசிந்தா நிமிர்ந்து பார்த்தாள்.

"பயத்துக்கு வெளிச்சம் கிடையாது, சார். அது உங்ககூடவே நின்னாலும் ஃபிலிமை ஒண்ணும் செய்யாது."