நெய்ப்பானை புதைத்த புண்ணியவான்

முன்னொரு காலத்தில் முள்ளியூர் நாட்டை மகுடவர்மன் என்றொரு ராஜா ஆண்டான். மழை பொய்த்த வருஷம், அவன் ஆசையாக வளர்த்த வெள்ளரிப் பாத்தி வாடியது.

"ஊர்க்கிணற்றைத் தோட்டத்துக்கு எடுத்துக்கொள்வோம், பிரபு. ஜனங்கள் ஆற்றில் ஊற்றுத் தோண்டிக் குடிக்கட்டும்" என்றார் தோட்ட அதிகாரி சிங்கராயர்.

அரண்மனைக்குப் பானை கொண்டுவந்திருந்த குயத்தி காத்தாயி குறுக்கே புகுந்தாள். "பாத்திக்கு ஒரு நாளைக்கு ஒரு குடம் போதும் மகாராஜா, நான் காட்டுறேன்!"

"நாற்பதாம் நாள் என் இலையில் வெள்ளரிப் பிஞ்சு விழவேண்டும். இல்லையேல் கிணறும் போகும், உன் தலையும் போகும்!" என்றான் ராஜா.

காத்தாயி ஆறு மண்பானைகளைக் கழுத்துவரை புதைத்து, நீர் நிரப்பி மூடினாள். நீர் பானையின் சுவர் வழியே கசிந்து வேருக்குப் போனது. வெயில் ஒரு சொட்டும் குடிக்கவில்லை. முப்பதாம் நாள் கொடி பூத்தது. சிங்கராயருக்குச் சோறு இறங்கவில்லை.

முப்பத்தைந்தாம் நாள் இலைகள் தொங்கிப்போயின. பதறிப்போய் மூடியைத் திறந்தாள். மூன்று நாளுக்கு முன் ஊற்றிய நீர் ஊற்றியபடியே இருந்தது. உள்ளே கையை விட்டாள்; வழுக்கியது. நெய்! நெய் குடித்த பானை நீரைக் கசியவிடாது. யாரோ அவள் பானைகளை மாற்றிவிட்டார்கள். யார் என்பது தெரியும்; அதிகாரியைச் சொன்னால் யார் நம்புவார்? நேரே சபைக்கு நடந்தாள்.

"அதிசயம் மகாராஜா! யாரோ ஒரு புண்ணியவான் என் பாத்தியில நெய்ப்பானை புதைச்சிருக்கார். மூணு நாளா ஒரு சொட்டுத் தண்ணி குறையலை. அவருக்கு நீங்க மரியாதை செய்யணும்!"

"தண்ணீர்ச் செலவே இல்லையா!" ராஜா துள்ளி எழுந்து முத்துமாலையைக் கழற்றினான். "யார் அந்த மகான்?"

மூலையிலிருந்த புரோகிதர் மெல்லத் தொண்டையைக் கனைத்தார். மாலை கைநழுவிப் போகிறதே என்று சிங்கராயர் முந்திக்கொண்டார். "அடியேன்தான் பிரபு! என் வீட்டு அடுக்களைப் பானைகள்!"

"அப்போ பாத்தியை ஒரு தடவை வந்து பாருங்க மகாராஜா" என்றாள் காத்தாயி.

ராஜா வந்தான். செத்துக்கொண்டிருந்த கொடியைப் பார்த்தான். பானைக்குள் கையை விட்டு, நெய் படிந்த விரல்களோடு எடுத்தான்.

"செடி குடிக்காததால்தான் தண்ணீர் குறையவில்லை, இல்லையா ராயரே? இன்னும் ஐந்து நாள். பிஞ்சு வராவிட்டால் போவது உம் தலை."

காத்தாயி புதுப்பானைகளைப் புதைத்தாள். குடம் சுமந்தவர் சிங்கராயர். வெயில் ஏறினால் தன் பட்டு அங்கவஸ்திரத்தைக் கொடிக்கு நிழலாகப் பிடித்துக்கொண்டு நின்றார், பாவம்.

நாற்பதாம் நாள் விரல் நீளத்துக்கு ஒரே ஒரு பிஞ்சு. ராஜா கடித்துப் பார்த்துச் சிரித்தான். முத்துமாலையைக் காத்தாயியிடம் நீட்டினான்.

அவள் கை நீட்டவில்லை. "முதல்ல கிணறு, மகாராஜா."

"கிணறு ஊருக்கே!"

அதற்குப் பிறகுதான் மாலையை வாங்கினாள்.