உபயத்தில் தடுக்கிய காய்

கேரம் பலகை கொடுத்த பெரிய மனிதரே, குற்றவாளி நீங்கள்தான்! தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள் ஆடுகிற பலகையின் நட்டநடுவில் 'உபயம்' என்று உங்கள் பெயரைப் பெயிண்டால் தடிதடியாக எழுதிவைத்தீர்கள். அதோடு விட்டீர்களா? ஆண்டுவிழாவுக்கு வந்து, ஆட்டம் சொல்லித்தரும் சத்துணவு ஆயா சடச்சியை அதட்டினீர்கள்.

"வெள்ளிக்கிழமைப் போட்டியில பிள்ளைங்க ஜெயிக்கணும். என் பேர்ல ஒரு எழுத்தும் அழியக்கூடாது!"

"சரிங்க சாமி. எப்படின்னு நீங்களே ஒரு காயைப் போட்டுக் காட்டுங்க."

சட்டைக்கையை மடித்துவிட்டுச் சுண்டினீர்கள். காய் உங்கள் பெயரில் தடுக்கி நின்றது. மறுபடி சுண்டினீர்கள், மறுபடியும் நின்றது.

சடச்சி பெருமூச்சு விட்டாள். "இந்தப் பள்ளிக்கூடத்துல உங்க பேரைத் தாண்டி எதுவும் போக மாட்டேங்குது சாமி!"

பிள்ளைகள் சிரித்த சிரிப்பில் பந்தல் ஆடியது. நீங்கள் காரேறிப் போய்விட்டீர்கள்.

பலகையின் பின்பக்கம் முழுக்க உங்களுக்கே, எழுதிக்கொள்ளுங்கள். முன்பக்கத்தை மட்டும் வெள்ளிக்கிழமைக்குள் உங்கள் கையாலேயே உப்புத்தாள் போட்டுத் தேய்த்துக் கொடுங்கள் ஐயா!