நாற்பத்தொன்பது கோடுகள் தாண்டிய சருகுமான்

ஒரு காட்டில் இருந்த சுனை ஒன்றே ஒன்று; அதில் தண்ணீர் குடிக்கும் கூட்டங்களோ இரண்டு. மேல்மேட்டில் மான்களும் காட்டெருமைகளும் இருந்தன. கீழ்மேட்டில் பன்றிகளும் கரடிகளும் இருந்தன. மழைக்காலத்தில் சண்டை இல்லை. சித்திரை பிறந்தால் சுனை வற்றிச் சிறு குட்டையாகிவிடும். அப்போது ஒரு கூட்டத்துக்குத்தான் தண்ணீர் போதும்.

அதற்காக அடித்துக்கொண்டு சாகாமல், அவை ஒரு விளையாட்டு வைத்திருந்தன. அதன் பெயர் நெல்லி ஓட்டம். ஒரு நெல்லிக்காயை வாயில் கவ்விக்கொண்டு, எதிராளிகளுக்குள் புகுந்து, அவர்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும் கோட்டைத் தாண்ட வேண்டும். ஒரு பக்கத்துக்கு எட்டுப் பேர்; கூட இருப்பவர்கள் முட்டி மோதி வழி உண்டாக்கலாம். காய் வைத்திருப்பவர் கீழே விழுந்தால் அந்த முறை போச்சு. உச்சிவெயிலுக்குள் அதிகம் தாண்டியவர்களுக்குச் சுனை. தோற்றவர்கள் இரண்டு மலை ஏறி இறங்கி ஆற்றுக்குப் போக வேண்டும். ஆற்றில் முதலை உண்டு. போன குட்டிகள் எல்லாம் திரும்பி வந்ததில்லை.

மேல்மேட்டின் தலைவன் கிளையன் என்ற கடமான். கொம்பு எவ்வளவு பெரிதோ அவ்வளவு பெருமை அதற்கு. ஆட்களை அது எடை பார்த்துத்தான் எடுக்கும். ஒரு பாறைமேல் மரக்கட்டையைக் குறுக்கே போட்டு, "ஏறி நில்" என்று சொல்லும். கட்டை சாய்ந்தால் அணியில் இடம் உண்டு.

ஒரு வருடம் குன்றி என்ற சருகுமான் வந்து ஏறி நின்றது. சருகுமான் தெரியுமல்லவா? முயலைவிடக் கொஞ்சம் பெரியது, அவ்வளவுதான். கட்டை அசையவில்லை. அந்த நேரம் பார்த்து ஒரு காக்கை மறுமுனையில் உட்கார்ந்தது. குன்றி மேலே போய்விட்டது.

மரத்திலிருந்த குரங்குகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தன.

"நீ வீட்டுக்குப் போ தம்பி. பன்றி தும்மினாலே பறந்துபோவாய்" என்றது கிளையன்.

குன்றிக்கு அழுகை வந்தது. அப்போது பாறையன் என்ற காட்டெருமை வாயைத் திறந்தது. அது வருடத்துக்கு நாலு வார்த்தை பேசினால் அதிகம்.

"என் பின்னால் நிற்கட்டும்" என்றது பாறையன். "யார் கண்ணுக்கும் தெரியாது."

அந்தக் கோடையில் பாறையன் முன்னால் முட்டியது. பன்றிகள் பதிலுக்கு முட்டின. கரடிகள் தள்ளின. ஒரே புழுதி. "காய் எங்கே, காய் எங்கே?" என்று பன்றித் தலைவன் கோரையன் கத்தியபோது, குன்றி கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்று காயைத் துப்பிவிட்டுக் காதைச் சொறிந்துகொண்டிருந்தது. நாலு கால்களுக்கு நடுவில் எந்த இடுக்குக் கிடைத்தாலும் அதற்குப் போதும்.

"மூர்த்தி சிறிதானாலும் கீர்த்தி பெரிது. நான் அன்றைக்கே சொன்னேனே!" என்றது கிளையன். எதைச் சொன்னது என்று யாரும் கேட்கவில்லை.

அந்தக் கோடையையும் சேர்த்து ஏழு கோடைகளில் குன்றி நாற்பத்தொன்பது முறை கோடு தாண்டியது. குரங்குகள் ஒவ்வொன்றுக்கும் ஆலமரத்தில் ஒரு கீறல் போட்டன. "ஐம்பது ஆகட்டும், இந்த மரத்துக்கே குன்றி ஆலமரம் என்று பெயர் வைத்துவிடுவோம்" என்று வாக்கும் கொடுத்தன. குன்றிக்கு ஆசை இல்லாமல் இருக்குமா? தினமும் ஒரு தடவை அந்த மரத்துப் பக்கம் போய் வந்தது.

ஆனால் ஏழு வருடம் இடிபட்ட கால் என்ன ஆகும்? எட்டாம் கோடைக்கு முன்பே பின்னங்கால் மூட்டு வீங்கிவிட்டது. போட்டிக்கு முந்தின நாள் குன்றி பாறையனிடம் போனது.

"அண்ணே, என் கால் முடிந்துபோயிற்று."

"தெரியும். போன மாதத்திலிருந்து உன் குளம்புச் சத்தம் ஓர் அடி பிந்தி வருகிறது."

"வேறு யாருக்குத் தெரியும்?"

"ஒருவருக்கும் தெரியாது."

"கால்தான் போயிற்று அண்ணே. பெயர் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. நாளைக்கு அதை ஓட விடுவோம். காய் உங்கள் வாயில் இருக்கட்டும்."

பாறையன் அசைபோடுவதை நிறுத்தியது. "நான் காயைத் தொட்டதே இல்லையே."

"அதனால்தான் உங்களை யாரும் பார்க்கமாட்டார்கள்."

"எட்டுப் பேரும் உன் மேல் விழுவார்களே, தம்பி."

"விழட்டும். விழாவிட்டால்தான் கவலை."

மறுநாள் குன்றியைக் கடைசி முறைக்கு என்று உட்கார வைத்திருந்தார்கள். வெயில் உச்சிக்கு ஏறும்போது இரண்டு கூட்டமும் சமமாக நின்றன. இன்னும் ஒரே ஒரு முறை இருந்தது, அது மேல்மேட்டுக்கு. தாண்டாவிட்டால் சுனை கீழ்மேட்டுக்குப் போய்விடும் என்பது விதி. மேட்டில் குட்டிகள் நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தன.

கிளையன் குன்றியின் பக்கத்தில் வந்து, "ஐம்பதாவது உனக்குத்தான். ஆலமரம் காத்திருக்கிறது" என்றது.

குன்றி மரத்தைப் பார்த்தது. மனசு கிடந்து துடித்தது, பொய் சொல்வானேன். ஒரு தடவை, இந்த ஒரே ஒரு தடவை ஓடிப் பார்த்தால் என்ன என்று தோன்றியது. பிறகு குட்டிகளைப் பார்த்தது. தன் அணியினர் கூடி மறைத்து நின்றபோது, காயைப் பாறையனின் வாயில் வைத்துவிட்டது.

"ஓடாதீர்கள் அண்ணே, நடங்கள்" என்று சொல்லிவிட்டு, நாக்கால் தன் கன்னத்தை உப்பவைத்துக்கொண்டு இடப்பக்கம் பாய்ந்தது.

"அதோ குன்றி! விடாதே!" என்று கோரையன் கத்தியது.

பன்றிகள் திரும்பின. கரடிகள் திரும்பின. எட்டும் குன்றியின் பின்னால் ஓடின. வலப்பக்கம் பாறையன் தன்பாட்டில் நடந்தது. வழியில் ஒரு கிழட்டுக் கரடி அதன் மேல் மோதிக்கொண்டு, "கொஞ்சம் தள்ளு பெரியவரே, நாங்கள் அவசரமாகப் போகிறோம்" என்று சொல்லிவிட்டு ஓடியது.

குன்றி நொண்டியது. இரண்டு வளைவு வளைந்தது, ஒரு தடவை பன்றியின் வயிற்றுக்கடியில் நுழைந்தது. அப்புறம் கால் மடங்கியது. எட்டுப் பேரும் அதன் மேல் விழுந்தார்கள்.

"வாயைத் திற" என்றது கோரையன், மூச்சு வாங்க.

குன்றி வாயைத் திறந்தது. உள்ளே நாக்கைத் தவிர ஒன்றும் இல்லை.

எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். கோட்டுக்கு அந்தப் பக்கம் பாறையன் தனியாக நின்றுகொண்டிருந்தது. வாயில் நெல்லிக்காய். பல்லில் கூடப் படாமல் அவ்வளவு பதமாக வைத்திருந்தது.

"இதை இப்போது எங்கே வைக்க வேண்டும்?" என்று கேட்டது பாறையன்.

மேல்மேட்டுக் குட்டிகள் அந்தக் கோடை முழுவதும் சுனையில் குடித்தன. ஆற்றுக்கு ஒன்றுகூடப் போகவில்லை. குன்றி அதற்குப் பிறகு ஆடவில்லை. கால் கடைசி வரை நொண்டிக்கொண்டே இருந்தது, ஆலமரத்துக்கும் பெயர் வைக்கவில்லை. ஆனால் குட்டிகள் சுற்றி உட்கார்ந்து, "நீங்கள் தாண்டியதிலேயே எது பெரிது, சொல்லுங்கள்" என்று கேட்டால், குன்றி தன்னுடைய நாற்பத்தொன்பதில் ஒன்றையும் சொல்லாது. பாறையன் நடந்து தாண்டியதைத்தான் சொல்லும்.

நீதி: சேர்த்த புகழைத் தனக்கென்று வைத்துக்கொள்பவரைவிட, அதைத் தன் கூட்டத்துக்காகச் செலவழிப்பவரே பெரியவர்.