மூன்று முறை மணம் மாறிய குட்டி

மிருகமும் மரமும் ஒன்றையொன்று பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பேசிக்கொண்ட அந்தக் காலத்தில், காட்டின் நடுவே மோப்பப் பாறை என்று ஒரு பாறை இருந்தது. குட்டி பிறந்த ஏழாம் நாள் தாய் அதை அங்கே கொண்டுபோக வேண்டும். பாறைமேல் மூஞ்சூறு உட்கார்ந்திருப்பார். யானையை விட்டால் காட்டிலேயே நீளமான மூக்கு தன்னுடையதுதான் என்பது அவர் எண்ணம். ஒரே ஒரு மூச்சு இழுப்பார். பூ மணந்தால் பெண் வரிசை. வேரோ மரமோ காரமோ மணந்தால் ஆண் வரிசை. வரிசை சொன்ன பிறகுதான் குட்டிக்குப் பேர் வைக்கலாம். இரண்டிலும் சேராத குட்டிக்குப் பேரும் கிடையாது, இடமும் கிடையாது. ஆற்றுக்கு அக்கரையில் விட்டுவிட வேண்டும்.

இதென்ன சட்டம், யார் போட்டது என்று ஒருவரும் கேட்டதில்லை. சட்டத்தைவிட அதுதான் பெரிய வெட்கக்கேடு.

நாவி என்ற புனுகுப் பூனைக்கு ஒரு குட்டி பிறந்திருந்தது, தலைப்பிள்ளை. கண்கூடத் திறக்காத குட்டியை வாயில் கவ்விக்கொண்டு வந்து பாறைமேல் வைத்தாள்.

மூஞ்சூறு ஒரு மூச்சு இழுத்தார். "ஒன்றும் இல்லையே!"

"இன்னொரு தரம் பாருங்கள், ஐயா. பால் குடித்துவிட்டு இப்போதுதான் தூங்குகிறது…"

"ஒரு மூச்சுக்கு மேல் நான் இழுப்பதில்லை. பின்னால் எத்தனை பேர் நிற்கிறார்கள், தெரிகிறதா? பொழுது சாய்வதற்குள் ஏதாவது ஒரு மணத்தோடு கொண்டு வா. இல்லையென்றால் அக்கரை. அடுத்தது யாரம்மா?"

நாவி குட்டியைக் கவ்விக்கொண்டு இறங்கினாள். வரிசையில் நின்ற மான் மெல்ல அவள் காதோரம் வந்தது.

"பேசாம ஏதாவது ஒரு பூவைத் தேய்ச்சுக் கொண்டாந்துடு, அக்கா. போன மாரியில எனக்கு அந்தப் புத்தி வரல. என் குட்டியக் கொண்டுபோய் விட்டுட்டேன். இப்பவும் அக்கரையில எது கத்தினாலும் எனக்குப் பால் கட்டிக்குது."

நாவி மல்லிகைக் கொடியிடம் ஓடினாள். "தாராளமா எடுத்துக்கோ," என்றது மல்லிகை. "ஆனா தினமும் வந்து தேய்ச்சுக்கணும். ஒரு நாள் விட்டுப்போச்சுன்னா மாட்டிக்குவீங்க."

பூவைப் பறிக்க நீட்டிய கை அப்படியே நின்றது. தினமுமா? சாகும்வரை ஒரு பொய்யைப் பூசிக்கொண்டு என் பிள்ளை நடுங்கி நடுங்கி நடக்க வேண்டுமா? எதற்காக? பெரியவர் ஒருவருக்கு இரண்டாவது மூச்சு இழுக்க நேரமில்லை என்பதற்காகவா?

அவ்வளவு நேரம் இருந்த பயம் போகவில்லை. அதன் மேலேயே கோபம் ஏறி உட்கார்ந்தது.

வாசனை விஷயம் புனுகுப் பூனைக்குத் தெரியாததா? நாரத்தை இலை ஓடிப்போகிற மணம். தாழம்பூ சற்று இருந்துவிட்டுப் போகிற மணம். வெட்டிவேர் குடியிருக்கிற மணம். மூன்றையும் வாங்கினாள். கல்லில் நசுக்கினாள். தன் உடம்பிலிருந்து புனுகை வழித்து அதோடு குழைத்தாள். புனுகு பிடித்து வைத்தால் எதுவும் ஒரேயடியாகப் பறந்துவிடாது. ஒன்றன்பின் ஒன்றாகத்தான் கிளம்பும். அந்தக் குழைவைக் குட்டியின் கழுத்திலும் வயிற்றிலும் தடவி, அதைக் கவ்விக்கொண்டு பாறைக்குத் திரும்பினாள்.

மூஞ்சூறு ஒரு மூச்சு இழுத்தார். "ஆகா, சுள்ளென்று காரம்! ஆண் வரிசை."

நாவி குட்டியை ஆண் வரிசையில் வைத்தாள். நிழல் கொஞ்சம் நகர்ந்தது. பக்கத்திலிருந்த காட்டுப்பன்றி மூக்கைத் தூக்கியது.

"மோப்பக்காரரே! இங்கே பூ மணக்குது."

மூஞ்சூறு இறங்கி வந்தார். தாழம்பூ. "பெண் வரிசைக்கு மாற்று," என்றார், யார் முகத்தையும் பார்க்காமல்.

மாற்றினாள். நிழல் இன்னும் நீண்டது. மரத்திலிருந்து குரங்கு கத்தியது.

"அண்ணே, பொம்பளை வரிசையில வேர் வாடை! தூக்கிக்கிட்டுப் போங்க அந்தப் பக்கம்! குட்டிக்குக் கால் வலிக்காது, அதான் அம்மா சுமக்குறாளே!"

காடே சிரித்தது. மூஞ்சூறுக்கு மூக்கு நுனி சிவந்துவிட்டது. "ஏய், என்ன பூசினாய்? ஏமாற்றுகிறாயா?"

"நானா ஏமாற்றினேன்?" நாவி சீறினாள். "ஒன்றும் இல்லை என்றது யார்? ஆண் என்றது யார்? பெண் என்றது யார்? மூன்றும் உங்கள் வாயிலிருந்து வந்ததுதானே? ஒரு மூச்சு இழுத்துவிட்டு ஒரு உயிரை ஆற்றுக்கு அப்பால் தள்ளத் தெரிகிறதல்லவா? இன்னும் ஒரு மூச்சு இழுங்கள். இந்த முறை மெதுவாக!"

யாரும் அவரிடம் இப்படிப் பேசியதில்லை. வேறு வழியில்லாமல் குனிந்தார். வேரும் இப்போது அடங்கியிருந்தது. அதற்கும் அடியிலிருந்து, தோலின் சூட்டில், வேறொன்று மெல்ல எழும்பி வந்தது. பால் மாதிரி, வெயிலில் காய்ந்த புல் மாதிரி, இரண்டும் இல்லாத மாதிரி.

"இது… இது என்ன மணம்? இதற்குப் பேரே இல்லையே."

"இது என் பிள்ளை. காலையிலும் இது இருந்தது. நீங்கள்தான் காத்திருக்கவில்லை."

மீதமிருந்த குழைவை மான் வாங்கித் தன் கழுத்தில் தடவிக்கொண்டது. காட்டுப்பன்றியும் கொஞ்சம் தடவிக்கொண்டது. ஒரே குழைவுதான், ஆனால் மானிடம் அது மழைவிட்ட மண்ணாக எழுந்தது, பன்றியிடம் புகையும் தேனுமாக எழுந்தது. அது ஆணா பெண்ணா என்று ஒருவர் கேட்டார். காடு மறுபடியும் சிரித்தது.

மான் மட்டும் நின்று சிரிக்கவில்லை. ஆற்றை நோக்கி ஓடி, தண்ணீரில் பாய்ந்தது. அதன் பின்னால் முயல், நரி, முள்ளம்பன்றி என்று எத்தனை தாய்கள்! அத்தனை குட்டிகளை அக்கரையில் விட்டிருந்தது அந்தக் காடு.

மூஞ்சூறு பாறையை விட்டு இறங்கினார். அந்தப் பேரில்லாத மணத்துக்குப் பேர் தேடி இன்றைக்கும் மூக்கைத் துடிக்கத் துடிக்க வைத்துக்கொண்டு நம் வீட்டுச் சுவரோரமாக ஓடிக்கொண்டிருக்கிறார். நாவியோ குட்டியின் காதில் ஒரு பேரைச் சொன்னாள். வரிசையைக் கேட்டு வைத்த பேர் இல்லை அது.

அன்றிலிருந்துதான், எந்த வாசனைத் தைலமும் தோலில் பட்டவுடன் தன்னைச் சொல்லிவிடுவதில்லை. முதலில் ஒன்றாக, பிறகு வேறாக மணந்து, கடைசியில் ஆண் பெண் பாராமல், பூசிக்கொண்டவரின் தோலோடு தோலாகிவிடுகிறது. அன்றிலிருந்துதான், ஊரார் என்ன சொன்னாலும், ஒரு தாய் தன் பிள்ளையின் உச்சியில் மூக்கை வைத்தால் ஒரு மூச்சோடு எடுப்பதில்லை.