திவான் வீட்டு வாசல்ல ஒரு ஆடு

கொன்றையூர் ராஜா கோதண்ட பூபதிக்கு ஒரே ஒரு ஆசைதான். தான் தெருவுல போனா ஊரே வந்து பாக்கணும். பாத்துட்டு கைதட்டணும். மத்தபடி பாவம், நல்ல மனுசன்.

அந்த ஊர்ல மூணு பத்திரிகை. ஒண்ணுக்கொண்ணு ஆகவே ஆகாது. ஆனா மூணுக்கும் சேத்து ஒரு சங்கம் மட்டும் உண்டு. சங்கத் தலைவி கனகவல்லி அம்மா. 'உள்ளது உள்ளபடி'ன்னு பத்திரிகை நடத்துறவங்க. ஏரி மதகுக்குன்னு வந்த தேக்குமரம் திவான் அகோரமூர்த்தி வீட்டுல ஊஞ்சலா ஆடுதுன்னு ஒருநாள் போட்டுட்டாங்க.

வந்துதே திவானுக்குக் கோவம்! நேரா ராஜாகிட்ட ஓடினார். அவர் பேசினா மூக்கடைச்ச நாயனம் மாதிரி இருக்கும்.

"மகாராஜா, இன்னைக்கு என் ஊஞ்சல். நாளைக்கு உங்க குறட்டை!"

ராஜா பதறிட்டார். உடனே உத்தரவு. இனிமே எந்தச் சேதியும் திவான் நேர்ல விசாரிச்சு முத்திரை போட்டாத்தான் அச்சேறணும். மீறினா அச்சு மிசினைத் தூக்கிக் குளத்துல போட்டுடுவாங்க.

கனகவல்லி அம்மா அடிச்சுப் புடிச்சு அங்குராசுகிட்ட வந்தாங்க. ராஜாவைச் சிரிக்க வைக்கிறதுதான் அரண்மனையில அங்குராசுவுக்கு வேலை.

"ஏய்யா அங்குராசு, அந்த ஆளு ஒரு சேதிக்கும் முத்திரை போட மாட்டான்யா. நாங்க கடைய மூடிட்டு முறுக்கு சுடத்தான் போகணும். சங்கத்துக்காக நீதான் ராஜாகிட்ட பேசணும்."

"பேசிடுறேன் அக்கா. உங்க எழுத்தே பல்லை உடைக்குது. முறுக்கு வேற சுட்டா ஊரு தாங்குமா?"

மறுநாள் சபையில அங்குராசு கையைக் கட்டிக்கிட்டு நின்னான்.

"மகாராஜா, பத்திரிகைச் சங்கம் ஒரு கோரிக்கை வெச்சிருக்கு."

"உத்தரவை ரத்து பண்ணணுமாக்கும்?"

"ஐயையோ! உத்தரவு போதாதுங்குது. இன்னும் இறுக்கணுமாம்!"

கனகவல்லி அம்மாவுக்குத் தலை கிறுகிறுத்துச்சு.

"சேதியை மட்டும் விசாரிச்சா ஆச்சா? கல்யாணம், கருமாதி, காணாமப்போன மாடு, எந்த அறிவிப்பா இருந்தாலும் திவான் ஐயாவே விசாரிக்கணும். சம்பந்தப்பட்டவங்க ரெண்டு சாட்சியோட நேர்ல வரணும். வந்த வரிசைப்படிதான். யாருக்கும் சலுகை கூடாது." அப்படியே மூக்கைப் புடிச்சுக்கிட்டு, "திவான் கண்ணுல படாம ஒரு புள்ளிகூட அச்சேறக் கூடாது!"ன்னான்.

சபையே கொல்லுன்னு சிரிச்சுது. திவானுக்கு மட்டும் உச்சி குளுந்துபோச்சு. "அப்படியே ஆகட்டும்!"

வெளிய வந்ததும் கனகவல்லி அம்மா, "அடப்பாவி, கழுத்தை அறுத்துட்டியேடா!"ன்னாங்க.

"இருங்க அக்கா. உங்க அச்சகத்துப் பக்கம் ஒரு ஆடு திரியுது பாருங்க. அதைப் புடிச்சு வைங்க."

விடிஞ்சுது. திவான் கதவைத் திறந்தார். வாசல்ல ஊரே நிக்குது!

முதல்ல ஒரு கல்யாண அறிவிப்பு. ரெண்டு சம்பந்தியும், யார் பேரு மேல வரணும்னு திவான் முன்னாலயே குடுமிப்புடிச் சண்டை. அடுத்தது கருமாதி அறிவிப்பு. சம்பந்தப்பட்டவர் நேர்ல வரணுமே, செத்தவரை எப்படிக் கூட்டிட்டு வர்றதுன்னு மகன் கேக்குறான். நடுவுல கனகவல்லி அம்மா, கையில ஒரு ஆட்டோட. 'வழிதவறி வந்த ஆடு, உரியவர் வந்து வாங்கிக்கலாம்.' அதுதான் அறிவிப்பு. ஆடு சும்மா நிக்குமா? திவானோட அங்கவஸ்திரத்துல பாதியை மென்னுடுச்சு. ஆட்டுக்கு உரியவர் நேர்ல வராம முத்திரை கிடையாதுன்னு திவான் சொல்ல, ஆடு வரிசையிலயே நின்னுடுச்சு.

ஒரு வாரம் இதே கூத்து. வரிசை அனுமார் வாலாட்டம் நீளுது. ஒரு பத்திரிகையும் வரல. திவானுக்கு ராத்தூக்கம் போச்சு. தலை நிமிராம, "பேரு? சாட்சி? அடுத்து!"ன்னு பிதற்ற ஆரம்பிச்சுட்டார்.

அந்த நேரம் பாத்து ராஜாவோட முடிசூட்டு நாள் வந்துது. பட்டுத்துணி, யானை, மேளம், எல்லாம் தயார். ராஜா மீசையை முறுக்கிக்கிட்டு வீதியில பவனி வர்றார். தெருவுல ஒரு ஈ காக்கா இல்ல!

"டேய் அங்குராசு, எங்கடா சனம்?"

"இன்னைக்குப் பவனின்னு சனத்துக்கு எப்படி மகாராஜா தெரியும்? தண்டோராவை நிறுத்தினதுலேருந்து எல்லாம் பத்திரிகையிலதானே போடுறோம்?"

"இதையும் போட வேண்டியதுதானே?"

"திவான் வீட்டு வரிசையில இருக்கு மகாராஜா. ஆட்டுக்குப் பின்னால."

யானை நேரா திவான் வீட்டுக்குத் திரும்புச்சு. ராஜா இறங்கி விடுவிடுன்னு உள்ள போய் நின்னார். திவான் தலை நிமிரவே இல்ல.

"பேரு?"

"கோதண்ட பூபதி!"

"தொழில்?"

"ராஜா!"

"அதுக்கு ரெண்டு சாட்சி வேணுமே. இருக்கா?"

ராஜாவோட மீசை துடிச்சுது. அங்குராசு மெல்ல குனிஞ்சு, "ஒரு சாட்சிக்கு நான் இருக்கேன் மகாராஜா. இன்னொண்ணுக்கு ஆட்டைக் கேட்டுப் பாப்போமா?"ன்னான்.

"ம்மே!"ன்னுது ஆடு.

ராஜா வயித்தைப் புடிச்சுக்கிட்டுச் சிரிச்சார் பாருங்க, மகுடம் கழண்டு உருண்டு போய் ஊஞ்சலுக்கு அடியில நின்னுது. குனிஞ்சு எடுக்கப் போனவர் ஊஞ்சலைத் தடவிப் பாத்தார். நல்ல தேக்கு!

"உத்தரவு ரத்து! ஊஞ்சல் மதகுக்குப் போகட்டும். கனகவல்லி அம்மா, என் குறட்டையை வேணும்னாலும் போட்டுக்குங்க. என் பவனியை மட்டும் விட்டுடாதீங்க!"

அங்குராசுவுக்கு முத்துமாலை கிடைச்சுது. போறப்ப ராஜா ஆட்டைத் தட்டிக்கொடுத்து, "ஆமா, இது யாரு ஆடு?"ன்னார்.

"நம்ம ஆடுதான் மகாராஜா."

"உன் ஆடா! அப்ப ஒரு வாரமா ஏண்டா வந்து வாங்கல?"

அங்குராசு கையை விரிச்சான்.

"பத்திரிகையில வரலையே மகாராஜா! எனக்கெப்படித் தெரியும்?"